கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பார்

பேரங்காடியிலோ பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலோ உப்புநீர் மீன்தொட்டி ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டையிட்ட கோமாளி மீன் கடற்சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து வெளிவரும். நம் கண் அந்த மீனோடு போய்விடும். பின்னால் ஊதாவும் பழுப்புமாக நிற்கும் பாறையை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆனால் பெரும்பாலான பவளத் தொட்டிகளில் அந்தப் பாறையை வெளியே எடுத்துவிட்டால் சில நாள்களிலேயே மீன்கள் மடியத் தொடங்கும். இக்கட்டுரை அந்தப் பாறையைப் பற்றியது. அது என்ன வேலை செய்கிறது, எங்கிருந்து வருகிறது, எப்படிக் கட்டினால் நிற்கும் என்பனவற்றை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கிள்ளானில் ஒரு மீன்கடையில் இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் வேலை செய்கிறேன். உப்புநீர்ப் பிரிவு என் பொறுப்பு. கடையின் தவுக்கே முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். அவர் கற்றுக்கொடுத்தது பாதி, படித்துத் தெரிந்துகொண்டது மீதி.

எழுத உட்கார்ந்தபோது முதலில் இடறியது மொழிதான். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் 'பத்து காராங்' என்று மலாயில் படித்ததை, இப்போது தமிழில் சொல்ல வேண்டும். பவளப்பாறை என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பழைய, குட்டையான சொல் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மன்னார் வளைகுடா மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்கிறார்கள். முத்துக்குளித்த காலத்தில் ஆங்கிலேயர் எழுதிவைத்த அறிக்கைகளிலும் இச்சொல் அப்படியே நுழைந்துவிட்டது. இலங்கைக் கரையோர முத்துத்திட்டு ஒன்றின் பெயர் 'பெரிய பார்'. தொட்டிக்குள் நாம் எழுப்புவதும் ஒரு சிறிய பார்தான். அதை எழுப்பும் வேலையைப் 'பாறைக்கட்டு' என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கழகத்தின் செயலவையினரிடம் சொல்லி அனுப்புங்கள்.

பாறை செய்யும் வேலை

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா சேர்கிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. கடலில் தண்ணீர் எல்லையற்றது. நம் இரண்டடித் தொட்டியிலோ நூற்றிருபது லிட்டர்தான் உண்டு. நன்னீர்த் தொட்டியானால் குழாயைத் திறந்து தண்ணீரை மாற்றிவிடலாம். உப்புநீருக்கு ஒவ்வொரு லிட்டருக்கும் 35 கிராம் அளவில் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். மாணவர் பணப்பைக்கு இது அடிக்கடி ஆகிற காரியமன்று.

இங்கேதான் பாறை வருகிறது. பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. உடைத்துப் பார்த்தால் இடியப்பம்போல் உள்ளே எல்லாம் துளை. அத்துளைகளின் சுவர்களில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாறையின் உட்பகுதிக்குப் போகப் போக ஆக்சிஜன் குறைகிறது. அங்கே வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விட்டுவிடுகின்றன. வாயு குமிழியாகிக் காற்றோடு கலந்துவிடும். ஒரே கல்லின் வெளிப்புறத்தில் ஒரு வேலையும் உட்புறத்தில் அதற்கு நேர்மாறான வேலையும் நடக்கின்றன. எந்தக் கடையிலும் விற்கும் வடிகட்டிப் பெட்டி, இந்த இரண்டையும் சேர்த்து இவ்வளவு மலிவாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த உண்மையை வளர்ப்புத் தொட்டியில் முதன்முதலில் பயன்படுத்திக் காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து நாட்டுக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் இயற்கையான கடல்நீரையும் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டு, மீனையும் பவளத்தையும் வளர்த்தார். தம் முறையை 1961இல் 'டிராப்பிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்னும் அமெரிக்க இதழில் எழுதினார். மேலை நாட்டினர் அக்காலத்தில் செத்த பவளக் கிளைகளை வெளுத்து அலங்காரமாக வைத்து, சரளைக்கல்லுக்கு அடியில் தண்ணீரை இழுத்து வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஜெர்மானியர்கள் உயிர்ப்பாறையோடு புரத நுரைப்பான் என்ற கருவியைச் சேர்த்தார்கள். அது 'பெர்லின் முறை' என்று பெயர் பெற்றது. பெயர் பெர்லினுக்குப் போய்விட்டது. பாறையைத் தொட்டிக்குள் கொண்டுவந்தவரோ ஜாவாவில் இருந்தார்.

கல் எங்கிருந்து வருகிறது?

கடையில் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பது, "தம்பி, உயிர்ப்பாறை கிலோ என்ன விலை?" என்பதுதான். எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

உயிர்ப்பாறை என்பது பவளத்திட்டிலிருந்து உடைந்து விழுந்த, அல்லது உடைத்தெடுத்த, துண்டு. அதன்மேல் ஊதாநிறச் சுண்ணப்பாசி, கடற்பஞ்சு, சிறு புழுக்கள், நண்டுக் குஞ்சுகள், நுண்ணுயிர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் போட்டதும் கடலின் ஒரு துண்டே வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். தொட்டிக்கு அது மிகச் சிறந்தது என்பதை மறுக்க முடியாது. புதிய உலர்பாறையில் ஓராண்டுக்குப் பிறகும் வராத உயிர்வகைகள் அதில் முதல்நாளே இருக்கும்.

"எப்படியும் உடைந்து கிடக்கிற கல்தானே, எடுத்தால் என்ன?" என்பது வழக்கமான வாதம். உடைந்த துண்டுகள் கடலடியில் சும்மா கிடப்பதில்லை. சுண்ணப்பாசி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இளம் பவளம் வந்து அமர அவை இடம் தருகின்றன. மீன் குஞ்சுகள் ஒளிய இடுக்கு தருகின்றன. திட்டு கரைக்கு முன்னால் நின்று அலையின் வேகத்தை உடைக்கிறது. மாலைத்தீவில் வீடு கட்டுவதற்காகப் பவளக்கல்லை வெட்டியெடுத்தார்கள். தலைநகர் மாலேயில் நிலம் பெருக்குவதற்காகத் திட்டின்மேலேயே மண்ணை நிரப்பினார்கள். 1987இல் பேரலைகள் நகருக்குள் புகுந்தன. அதன்பிறகு ஜப்பானின் உதவியோடு கான்கிரீட் அலைத்தடுப்பைக் கட்ட வேண்டியதாயிற்று.

சட்டமும் இதில் உண்டு. கல்பவளங்கள் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். மலேசியாவில் இதற்கென 2008ஆம் ஆண்டின் அருகிவரும் இனங்களின் அனைத்துலக வாணிபச் சட்டம் இருக்கிறது. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், பாயார் போன்ற கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளத்தைத் தொட்டு எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். உயிர்ப்பாறை ஏற்றுமதியில் பெயர்பெற்ற ஃபிஜி, 2017இன் இறுதியில் அதை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020இல்தான் மீண்டும் வழிவிட்டது.

இவற்றோடு கடல்நீரின் சூடும் சேர்ந்துகொண்டது. 2010இல் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்களுக்கு மூடிவைத்தார்கள். 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. இந்த நிலையில் ஒரு வரவேற்பறை அழகுக்காகத் திட்டிலிருந்து பத்துக் கிலோ கல்லை எடுத்துவருவது எனக்கு மனம் ஒப்பாத செயல். தவுக்கே இவ்விசயத்தில் என்னோடு முழுமையாக உடன்படமாட்டார். பத்திரம் உள்ள கல்லை விற்பதில் என்ன தவறு என்பார். இருந்தாலும், உலர்பாறையை வாங்கச் சொல்லி நான் பேசும்போது அவர் குறுக்கிடுவதில்லை. உலர்பாறையிலும் இலாபம் உண்டு என்பது வேறு கதை.

உலர்பாறை இரண்டு வகை. ஒன்று, ஒருகாலத்தில் கடலாக இருந்து இன்று நிலமாகிவிட்ட இடங்களில் தோண்டியெடுக்கும் பழம்பவளக் கல். மற்றது செயற்கைக் கல். இந்தச் செயற்கைக் கல்லை நாமே வீட்டில் செய்யலாம். ஒரு பங்கு போர்ட்லண்ட் சிமெண்டுக்கு மூன்று பங்கு நொறுக்கிய சிப்பி ஓடு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதற்குக் கெராங் ஓட்டைப்போல மலிவான பொருள் கிடையாது. சார் கொய்த்தியாவ் கடைக்காரர் குப்பையில் போடுவதைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, கோணிக்குள் போட்டுச் சுத்தியலால் அடித்தால் போதும். கலவையில் கல்லுப்பையும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். கல் இறுகியபின் உப்பு கரைந்து வெளியேறி, அது இருந்த இடம் துளையாகிவிடும். ஈர மணலில் குழி பறித்து அதையே அச்சாகப் பயன்படுத்தலாம். மணலின் மேடுபள்ளம் கல்லில் பதிவதால் பார்வைக்கும் இயல்பாக இருக்கும்.

இதில் பொறுமை கெட்டவர்களுக்கு இடமில்லை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். நீரின் காரத்தன்மை எகிறிவிடும். கடல்நீரின் பி.எச். அளவு ஏறக்குறைய 8.2, புதுச் சிமெண்டு ஊறிய நீர் 11, 12 என்று காட்டும். தண்ணீரை மாற்றி மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் ஊறவைத்து, அளவு இறங்கி நிலைத்தபிறகே தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கிய உலர்பாறையையும் சில நாள் ஊறவைப்பது நல்லது. அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டு பின்னால் பாசியாக முளைக்கும்.

எந்த வகைக் கல்லுக்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று உண்டு. வேண்டாத உயிர்களைக் கொல்ல வேண்டும் என்று பழைய உயிர்ப்பாறையை ஒருபோதும் அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள். பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கும்போது அது ஆவியோடு கலந்து, வீட்டிலுள்ள எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்பிய நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. கம்பித் தூரிகையால் அந்தப் பவளத்தைச் சுரண்டுவதும் அதே அளவு ஆபத்து.

நிற்க வைப்பது

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் விடியற்காலையில் தவுக்கேயை அழைத்தார். ஷா ஆலாமில் ஒன்பதாவது மாடி வீடு. மூன்றடி நீளத் தொட்டி. ஏறக்குறைய 240 லிட்டர். வேறு யாரோ கட்டிக்கொடுத்த பாறைக்கட்டு இரவில் சரிந்து, முன்கண்ணாடி கீழிருந்து மேலாக விரிசல் விட்டிருந்தது. நாங்கள் வாளிகளோடு போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் பாதி, கூடத்தின் தரைவிரிப்பையும் கடந்து கீழ்வீட்டின் கூரைக்குப் போய்விட்டது. ஐந்து மீன்களில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்த வீட்டுச் சிறுமி இறந்த மஞ்சள் மீனை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டு, அதற்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டால் எழுந்துவிடுமா என்று என்னைக் கேட்டாள்.

காரணத்தைத் தேட நெடுநேரம் ஆகவில்லை. பாறைகளை மணலின்மேல் வைத்திருந்தார்கள். தொட்டியில் துப்பாக்கி இறால் ஒன்று இருந்தது. இவ்விறால் ஒருவகைக் கோபி மீனோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும். மீனுக்குக் கண் கூர்மை; அது வாசலில் காவல் நிற்கும். கண்பார்வை குறைந்த இறால் தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டபடியே மண்ணை வாரிக் கொட்டும். பார்க்க அத்தனை அருமையான காட்சி. ஆனால் அது பறிப்பது பாறையின் அடித்தளத்தை. அன்றைக்கு ஈர மணலில் உயிரோடு கிடந்தவர்களில் இந்த இறாலும் ஒருவர்.

ஆகவே முதல் கல் தொட்டியின் அடிக்கண்ணாடியிலேயே உட்கார வேண்டும், மணல் அதன்பிறகுதான். கண்ணாடியில் கல்லின் கூர்முனை படும் என்று அஞ்சினால், அலுவலகக் கூரை விளக்குகளின் கீழே காணும் சதுரக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டை வெட்டி அடியில் விரிக்கலாம். அடிக்கல் ஒவ்வொன்றும் மூன்று புள்ளிகளில் தரையைத் தொட வேண்டும். முக்காலி ஆடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

தொட்டிக்கு வெளியே உலர்ந்த நிலையில் ஆடாமல் நிற்கிறது என்பதால் தண்ணீருக்குள்ளும் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. பவளக்கல்லின் தாதுப்பொருள் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.9 மடங்கு அடர்த்தி உடையது. ஆர்க்கிமிடிஸ் விதிப்படி அது தண்ணீரில் மூழ்கும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். மூன்று கிலோ கல் உள்ளே இரண்டு கிலோவாகத்தான் அழுத்தும். எடையால் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கியிருந்த கற்களின் பிடிப்பு தளர்ந்துபோகும். கைமுட்டி அளவு நத்தை ஊர்ந்து போனாலே மேற்கல் நகர்ந்துவிடும். வெளியே வைத்து நன்றாகத் தள்ளிப் பார்த்து, ஆடினால் ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்குப் பல வழிகள். சிறிய இணைப்புகளுக்குக் 'காம் காஜா' என்று நம் வீடுகளில் சொல்லும் யானைப் பசையின் கெட்டியான வகையும் பவளக்கல் பொடியும் போதும். பசையை வைத்து, அதன்மேல் பொடியைத் தூவினால் சில நொடிகளில் கல்லாகிவிடும். அதன்மேல் மறுபடியும் பசை, மறுபடியும் பொடி என்று மூட்டுவாயை நிரப்பிக்கொண்டே போகலாம். பொடி தூவியதும் சூடேறி ஒரு நெடி வரும்; சன்னலைத் திறந்து வையுங்கள். கனமான கற்களுக்குத் துளையிட்டு அக்ரிலிக் கம்பியைச் செருகி, சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு கொடுக்க வேண்டும். இரும்புக் கம்பி கூடவே கூடாது, துருப்பிடிக்கும். செம்பு கலந்த எதுவும் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். எவர்சில்வரும் கடல்நீரில் காலப்போக்கில் அரிக்கப்படும்.

அழகு பிறகு வரும்

பழைய முறையில் பின்கண்ணாடியில் சாய்த்துச் சுவர்போல் அடுக்குவார்கள். நவராத்திரிக் கொலுப்படி மாதிரி வரிசையாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காததற்குக் கண்ணைவிட மூக்குதான் காரணம். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடாது. கழிவு அங்கே தேங்கி அழுகும். ஓராண்டு கழித்து அப்படிப்பட்ட கட்டைப் பிரிக்கும்போது எழும் அழுகிய முட்டை நாற்றத்தை முகர்ந்தவர்கள் மறுமுறை சுவர் கட்டமாட்டார்கள்.

முன்பெல்லாம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 120 கிராம் பாறை என்று கணக்குச் சொன்னார்கள். இரண்டடித் தொட்டிக்குப் பதினான்கு கிலோவுக்குமேல் ஆகும். நல்ல துளையுள்ள கல்லாக இருந்தால் அதில் பாதியே போதும். மிச்சமாகும் இடம் மீன் நீந்துவதற்கும் தண்ணீர் சுழல்வதற்கும் பயன்படும்.

நான் செய்யும் முறை இது. தொட்டியின் அடித்தள அளவை மணிலா அட்டையில் வெட்டித் தரையில் போடுவேன். நான்கு பக்கமும் ஏழெட்டுச் செண்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போடுவேன். எந்தக் கல்லும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கண்ணாடியில் பாசி துடைக்கும் கை நுழைய அந்த இடம் வேண்டும். பிறகு கற்களை இரண்டு குழுவாகப் பிரிப்பேன். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. நன்னீர்த் தாவரத் தொட்டிகளுக்குப் புகழ்பெற்ற ஜப்பானியர் தக்காஷி அமானோ, கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்து ஒரு கல்லைத் தலைமைக் கல்லாக நிறுத்தும் மரபைப் பின்பற்றினார். பவளத்தொட்டிக்கும் அது ஓரளவு பொருந்தும். சமமான இரண்டு மேடுகள் எப்போதும் பொம்மைக்கடை அலமாரியைப்போல இருக்கும்.

உயரம் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நலம். இன்று வெறுங்கல்லாகத் தெரிவது ஈராண்டில் பவளம் வளர்ந்து மேலெழும்பும். ஒளியும் மேலே அதிகம், கீழே குறைவு. கிளைத்து வளரும் அக்ரோப்போரா போன்ற பவளங்களுக்கு உச்சியும், ஒளியை அதிகம் கேட்காத காளான் பவளங்களுக்கு அடிவாரமும் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். மேடைபோன்ற தட்டைக் கற்களைச் சற்றே சாய்த்து வையுங்கள். கழிவு அதில் தங்காமல் வழிந்துவிடும்.

பவளங்கள் அசையாமல் இருப்பதால் சாதுவானவை என்று எண்ணிவிடாதீர்கள். கலாக்சியா என்னும் பவளம் இரவில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டி, இருபது செண்டிமீட்டர் தள்ளியிருக்கும் அண்டை வீட்டுக்காரரையும் எரித்துவிடும். பச்சை நட்சத்திரப் பவளம் கொட்டாது. ஆனால் லாலான் புல்போலப் படர்ந்து எல்லாப் பாறையையும் மூடிவிடும். அதற்கு மணலின் நடுவே தனித்தீவாக ஒரு கல்லைக் கொடுத்துவிட வேண்டும்.

மீனின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் உறங்க ஒரு பொந்து. அந்தப் பொந்துக்கு இரண்டு வாசல். இந்த இரண்டாவது வாசல்தான் முக்கியம். டாம்செல் வகை மீன்கள் விரல்நீளம்தான் இருக்கும். ஆனால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டிக் கடிக்கும். ஒற்றை வாசல் பொந்துக்குள் துரத்தப்பட்ட மீனுக்குத் தப்ப வழியில்லை. புதுமீன் ஒன்று இறந்துவிட்டது என்று கடைக்கு வருபவர்களிடம் நான் தண்ணீர் அளவுகளைக் கேட்பதற்கு முன்னால் பாறைக்கட்டின் புகைப்படத்தைக் காட்டச் சொல்வேன். பல வேளைகளில் பதில் அதிலேயே இருக்கும்.

தண்ணீர் விட்ட பிறகு

நம் நாட்டு வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. தொட்டி 25, 26 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத அறை பிற்பகலில் 30 பாகையைத் தாண்டும். மீன் மட்டும் வளர்ப்பவர்கள் காற்றாடியை வைத்துச் சமாளிக்கலாம். பவளத்துக்குத் தண்ணீர்க் குளிரூட்டி வாங்கத்தான் வேண்டும். பாறைச் செலவைச் சிமெண்டில் மிச்சம் பிடித்த பணம் இங்கே போகும்.

உலர்பாறையில் நுண்ணுயிர் இல்லாததால் தொட்டியை உடனே மீனால் நிரப்ப முடியாது. வாடிக்கையாளர்கள் எரிச்சலடைவது இந்தக் கட்டத்தில்தான். நண்பர் ஒருவரின் நோயற்ற தொட்டியிலிருந்து உள்ளங்கை அளவு பழங்கல் கிடைத்தால் உறை மோர் ஊற்றியதுபோல் அது வேலை செய்யும். பிறகு லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியாவை நாமே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு நாளும் அளந்து பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். இட்ட அம்மோனியா ஒரே நாளில் முழுவதும் மறைந்து, நைட்ரைட்டும் சுழி காட்டினால் பாறை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அதன்பிறகும் அழகு உடனே வராது. முதலில் பழுப்புப் பொடி படியும். அடுத்துப் பச்சை முடிப்பாசி. சிலருக்குச் சிவப்புச் சவ்வுபோல ஒன்று மணலை மூடும். இந்த மாதங்களில்தான் பலர் தொட்டியை விற்றுவிடுகிறார்கள். நத்தைகளை விட்டுவிட்டு, தீவனத்தைக் குறைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால், ஆறேழு மாதத்தில் ஏதோ ஒரு மூலையில் பொட்டு வைத்ததுபோல ஊதாநிறப் புள்ளி தோன்றும். அதுதான் சுண்ணப்பாசி. கெராங் ஓடும் சிமெண்டும் கலந்த கல் அது என்று அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நம்மைப் போன்ற மாணவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. தங்கும் விடுதியில் தொட்டி வைக்க அனுமதி கிடைக்காது. வாடகை வீட்டில் வைத்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம். அதனால் முழுக் கட்டையும் ஒரே துண்டாக ஒட்டிவிடாதீர்கள். ஒரு கையால் தூக்கக்கூடிய மூன்று துண்டுகளாக, ஒன்றில் ஒன்று பொருந்தும்படிச் செய்யுங்கள். வீடு மாறும் நாளில் பவளம் ஒட்டியிருக்கும் துண்டுகளை வாளியில் கடல்நீரோடு வையுங்கள். வெறும் பாறைகளைத் தொட்டி நீரில் நனைத்த துணியில் சுற்றி, மூடியுள்ள மிதவைநுரைப் பெட்டியில் அடுக்கினால் கிள்ளானிலிருந்து காஜாங்குக்குப் போய்ச் சேரும் வரை நுண்ணுயிர்களுக்கு ஒன்றும் ஆகாது. பழைய மணலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதில் ஓராண்டுக் கழிவு புதைந்திருக்கும். கலக்கினால் புது வீட்டில் முதல் இரவே மீன்கள் மூச்சுத் திணறும்.